பேருந்துத் தடத்தில் மின்சாரக் கார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் சந்தோஷம், கூடவே நம் வயதும் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

மின்சாரக் கார் வாங்கப் போகிறாயாமே. வாங்கு, நல்லதுதான். பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணடிக்கிறது. மின்மோட்டாரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பும். ஆனால் எல்லாரும் இப்படி மாறிவிட்டால் வட்டாரப் போக்குவரத்துப் பிரச்சினையே தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தாய் பார், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட மின்சாரக் கார். இதற்காகக் கொடுத்த சலுகைகளில் ஒன்று, பேருந்துகளுக்கென்று ஒதுக்கிய தடத்தில் மின்காரும் போகலாம் என்பது. கார்கள் சொற்பமாக இருந்தவரை இடைஞ்சல் இல்லை. பெருகப் பெருக, ஓஸ்லோவுக்குள் போகும் நெடுஞ்சாலையில் பேருந்துகள் கார்களுக்குப் பின்னால் ஊர்ந்தன. பேருந்து நிறைய ஆட்கள், முன்னால் போகும் காரில் ஒற்றை ஆள்! கடைசியில், காலை நெரிசலில் தனியாக ஓட்டி வருபவர் அந்தத் தடத்தில் நுழையக் கூடாது என்று 2015இல் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. புகை போனது, நெரிசல் போகவில்லை.

எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்து வழி. 1982இலேயே நாடு முழுக்க மணிக்கொரு ரயில், ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் என்று வைத்துவிட்டார்கள். 2004இல் புதுப்பாதை திறந்து சூரிச்–பெர்ன் பயணத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தார்கள். வெறும் வேகத்துக்காக இல்லை. மணி முழுதாவதற்குச் சற்று முன் பல திசை ரயில்களும் நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். ஜனங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறி ஏற வேண்டும். மணி கடந்த சில நிமிடத்தில் எல்லாம் கிளம்பிவிட வேண்டும். கிராமங்களுக்குப் போகும் மஞ்சள் பேருந்தின் நேரமும் ரயிலை ஒட்டியே இருக்கும். கால அட்டவணையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்பத் தண்டவாளம் போட்ட ஆட்கள்! மலைப்பாக இல்லை?

கட்டணத்தைக் குறைத்தால் போதாதா என்பாய். ஜெர்மனி 2022 கோடையில் மூன்று மாதம், மாதத்துக்கு 9 யூரோவுக்கு வட்டார ரயில், பேருந்து எல்லாவற்றிலும் போகும் டிக்கெட் கொடுத்துப் பார்த்தது. ரயில்கள் பிதுங்கின. ஆனால் பேருந்தே வராத கிராமத்தில் மலிவு டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பேட்டரியை முதலில் எதில் வைப்பது என்று கேட்டால், பேருந்தில் என்பேன். கார் நாளில் பெரும்பகுதி சும்மாதான் நிற்கிறது. பேருந்து காலையிலிருந்து ஓடுகிறது, இரவில் டிப்போவில் நிற்கும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். சீனாவின் ஷென்சென் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. ஆனால் ஒன்று, புது வண்டி வாங்கிய செலவை ஈடுகட்ட நடைகளைக் குறைத்தால் அத்தனையும் வீண். மூன்று மணிக்கொரு தரம் வரும் பேருந்து மின்சாரத்தில் ஓடினால் என்ன, டீசலில் ஓடினால் என்ன?

அடுத்த மாதக் கூட்டத்தில் நீ பேசப் போகிறாய் அல்லவா? சார்ஜிங் நிலையம் எத்தனை என்று எல்லாரும் கேட்பார்கள். கடைசி ரயிலில் இறங்குகிறவனுக்கு வீடு போகப் பேருந்து உண்டா என்று நீ கேள். என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்