தடையை நீக்கும் வழியும் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஈரான் அணுத்திட்டம் பற்றிய தலையங்கம் படித்தேன். குண்டு வீசுவதைவிடப் பொருளாதாரத் தடை மேல் என்று அதில் எழுதியிருந்தது சரிதான். ஆனால், இறங்கி வந்தால் தடை விலகும் என்ற உறுதி இருந்தால்தான் அது பலிக்கும். அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளுடன் செய்த 2015 ஒப்பந்தத்தில் யுரேனியச் செறிவூட்டலை (அணு எரிபொருளின் வீரியத்தைக் கூட்டுவதை; கூடக் கூட அணுகுண்டுக்கு நெருக்கம்) 3.67 சதவீதத்துக்குள் நிறுத்த ஈரான் சம்மதித்தது. 2018இல் அமெரிக்கா விலகி, தடைகளை மீண்டும் போட்டது. ஈரானும் வரம்பை மீறியது; 2021இல் அதன் செறிவூட்டல் 60 சதவீதத்தைத் தொட்டது. அப்புறம் யாரைக் குறை சொல்வது?

வளைகுடாவில் போர்ச் செய்தி என்றால், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளிடமிருந்து போன் வரும்வரை எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது. தடை விதிக்கும்போதே அதை எந்த நிபந்தனையில் நீக்குவோம் என்று எழுதி வைக்கவும், மருந்து வாங்கப் பணம் அனுப்பும் வங்கி வழியை அடைக்காமல் விடவும் ஐ.நா.வில் இந்தியா வலியுறுத்த வேண்டும்.

வாசகர், கடலூர் முதுநகர்