ரகசிய கில் சுவிட்ச் பொருத்தியதில் உள்ள குறைபாடுகள் குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்களிடம் கில் சுவிட்ச் பொருத்திக்கொண்ட வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஓடும் காரை நிறுத்திய கில் சுவிட்ச் வயரிங், அதன் இடத்தைத் தங்கள் நிறுவனமே வெளிப்படுத்தியது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆறு வாரங்களுக்கு முன்பு, திருட்டைத் தடுப்பதற்காக, மின்சாரத்தைத் துண்டித்து எஞ்சினை இயங்கவிடாமல் செய்யும் ரகசிய கில் சுவிட்ச் ஒன்றைத் தங்கள் டெக்னீஷியன் என் காரில் பொருத்திக் கொடுத்தார். கடந்த வாரம் அந்தச் சுவிட்சினால் என் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுச்சாலையில் அணைந்துபோனது. அது எங்கே ஒளிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தாங்களே தாளில் அச்சிட்டுக் காருக்குள் விட்டுச் சென்றிருக்கிறீர்கள் என்பதும் அன்றுதான் தெரிய வந்தது. மூன்று முறை தொலைபேசியில் பேசியும் பொறுப்பான பதில் கிடைக்காததால் இதை எழுத்தில் தருகிறேன்.

என் கார் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய கார்களில், சாவி வீட்டுக்குள் இருக்கும்போதே திருடர்கள் அதன் சிக்னலை ஒரு கருவியால் பிடித்து, காரருகே நிற்பவனின் இன்னொரு கருவிக்கு அனுப்பிக் கதவையும் திறந்து எஞ்சினையும் கிளப்பிவிடுகிறார்கள். சரியான சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பாதபடி தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் இம்மொபிலைசர் அங்கே உதவுவதில்லை, ஏனெனில் அதைப் பொறுத்தவரை சரியான சாவிதான் அருகில் இருக்கிறது. காரின் கம்ப்யூட்டருடன் எந்தத் தொடர்பும் இல்லாமல், உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சாதாரண சுவிட்ச் இத்தகைய திருடனைத் தடுக்கும் என்று தங்கள் விற்பனைப் பிரிவினர் விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. செய்து கொடுத்த வேலையைப் பற்றியதுதான் என் புகார்.

எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டில் சுவிட்சை வைக்கும்படிதான் நான் முதலில் கேட்டேன். அங்கே வைத்தால் சுவிட்ச் பழுதானாலும் கார் கிளம்பாதே தவிர, ஓடும் எஞ்சின் நிற்காது. தங்கள் விற்பனையாளரோ, எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் வயரில் வைத்தால் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் எஞ்சின் கிளம்பிச் சில நொடிகளில் அணைந்துவிடும், திருடனும் வண்டி பழுது என்று நினைத்து விட்டுவிட்டுப் போய்விடுவான் என்றார். பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகச் சுவிட்ச் வழியாக ஓட்டாமல், ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) காயிலுக்குப் போகும் வயரில் மட்டுமே சுவிட்சை வைப்பதாக அவர் உறுதியளித்த பிறகே நான் சம்மதித்தேன். ரிலே காயில் 150 முதல் 200 மில்லிஆம்பியர்தான் இழுக்கும்; சிறிய சுவிட்ச் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அந்த உறுதிமொழி தங்கள் விலைப்புள்ளியிலும் எழுதப்பட்டுள்ளது. நகலை இணைத்துள்ளேன்.

சுவிட்ச் பொருத்திய மூன்றாவது வாரத்திலேயே மேடு ஏறும்போது எஞ்சின் திணறத் தொடங்கியது. தங்களைக் கேட்டபோது, பெட்ரோலின் தரம் சரியில்லாமல் இருக்கலாம் என்று பதில் வந்தது, நானும் நம்பிவிட்டேன். கடந்த வாரம், முன்னால் சென்ற லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்திய நேரத்தில் எஞ்சின் அணைந்தது. எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் ஓரிரு மிதிகளுக்குத்தான் மிஞ்சும் என்பதைப் படித்திருக்கிறேன், ஆனால் மூன்றாம் முறை மிதித்தபோது பெடல் கல்லாக இறுகியதைக் காலில் உணர்ந்தது அதுவே முதல் முறை. பின்னால் வந்தவர் விழிப்பாக இருந்ததால் மட்டுமே விபத்து நேரவில்லை.

காரை இழுத்துச் சென்ற பணிமனையில், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆகவே பம்ப்தான் போய்விட்டது என்று முடிவுசெய்து பெட்ரோல் டேங்கை இறக்கத் தயாரானார்கள். சுவிட்ச் இருப்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள், வண்டியின் ஆவணங்களைத் தேடி டேஷ்போர்டு பெட்டியைத் திறந்த பணியாளர், அங்கே கிடந்த, தங்கள் ஜாப் கார்டு என்ற வேலைக் குறிப்புத் தாளை எடுத்து, கில் சுவிட்ச் இன்ன இருக்கைக்கு அடியில், இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி வாசித்தார். அந்தத் தாளை அங்கே வைத்தவர் தங்கள் டெக்னீஷியன். நான் அதன் பிறகு அந்தப் பெட்டியைத் திறந்ததே இல்லை. காருக்குள் நுழையும் திருடன் முதலில் துழாவும் இடங்களில் ஒன்று அந்தப் பெட்டி என்பதை, திருட்டைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமளிக்கிறது.

பணிமனையின் எலெக்ட்ரீஷியன் அந்தச் சுவிட்சைக் கழற்றிப் பார்த்ததில் காரணம் விளங்கியது. ரிலேயின் 85, 86 என்ற காயில் முனைகளைத் தொடவே இல்லை. பம்ப்புக்கான முழு மின்சாரமும் வெளியேறும் 87-ஆம் முனையிலிருந்து பம்ப்புக்குச் செல்லும் வயரையே வெட்டி அதில் சுவிட்சை இணைத்திருக்கிறார்கள். பம்ப் ஓடும்போது அந்த வயரில் 6.5 ஆம்பியர் பாய்வதை அவர் அளந்து காட்டினார். சுவிட்சின் உடலில் அச்சாகியிருப்பதோ 250 வோல்ட்டில் 3 ஆம்பியர், 125 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்ற அளவு, அதுவும் வீட்டில் வரும் மாறுதிசை மின்சாரத்துக்கு. மாறுதிசை மின்சாரம் நொடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால் சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். காரின் நேர்திசை மின்சாரத்தில் அந்த வசதி இல்லை, மோட்டார் போன்ற சுமையில் பொறி இன்னும் வலுக்கும். பேட்டரியில் 13.9 வோல்ட் இருக்கையில் பம்ப்பின் முனையில் 11.4 வோல்ட் மட்டுமே வந்தது, தொலைந்த 2.5 வோல்ட்டில் 2 வோல்ட் சுவிட்சின் தொடுமுனைகளிலேயே தொலைந்தது. 6.5 ஆம்பியரில் இது 13 வாட் வெப்பம், ஏறத்தாழ ஒரு சிறிய சாலிடரிங் அயர்னின் அளவு. அதைத்தான் ஏறத்தாழ ஐந்து வாரங்களாக இருக்கைத் துணியை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். சூடேறினால் தொடர்பு அறுவதும், ஆறினால் மீண்டும் ஒட்டுவதுமாக இருந்ததால்தான், இழுத்துச் சென்று இருபது நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் கார் கிளம்பியது.

இணைப்புகளைச் சாலிடர் செய்தோ முறையாகக் கிரிம்ப் செய்தோ (உலோக முனையை நசுக்கி இறுக்கியோ) மூடாமல், வயரின் தோலைக் கிழித்துக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று கருகியுள்ளது. தொழிற்சாலையின் கறுப்பு டேப் சுற்றிய வயர்க்கட்டிலிருந்து பளிச்சென்ற சிவப்பு வயர் பிரிந்து போவது டார்ச் விளக்கு இல்லாமலே தெரிகிறது.

இதற்குத் தங்கள் சேவைப் பிரிவு தந்த பதில், ஓட்டும்போது நானே தெரியாமல் சுவிட்சைத் தட்டியிருப்பேன் என்பது. தட்டினால் சுவிட்ச் அணையும். அதன் பிளாஸ்டிக் உருகாது, கிளிப் கருகாது. மறுநாள் இதைக் கேட்க நேரில் வந்தபோது, தங்கள் வரவேற்பறைப் பலகையில் மாதிரிப் பணி என்ற தலைப்பில் என் காரின் படமும், இருக்கைக்கு அடியில் சுவிட்ச் இருக்கும் படமும் அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. எண் பலகையைக்கூட மறைக்கவில்லை. படம் எடுக்க என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே, நான் செலுத்திய கட்டணம் முழுவதையும், வண்டியை இழுத்துச் சென்றதற்கும் பழுதைக் கண்டறிந்ததற்கும் ஆன செலவையும் திருப்பித் தர வேண்டும். வெட்டப்பட்ட வயர்க்கட்டை, கார் தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதம் பாதிக்கப்படாத வகையில், அதன் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் தங்கள் செலவில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சுவிட்சின் இடம் குறித்த பதிவுகளையும் படங்களையும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தும் டெக்னீஷியன்களின் கைபேசிகளிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எழுத்துமூலம் உறுதிப்படுத்த வேண்டும். தாங்கள் மீண்டும் பொருத்தித் தர முன்வந்தாலும் எனக்கு அது வேண்டாம். இடம் தெரிந்தவர்களின் எண்ணிக்கை ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. இவை எல்லாவற்றையும்விட அவசரமானது வேறொன்று. இதே சுவிட்சை இதே முறையில் வேறு யாருடைய வண்டியிலாவது பொருத்தியிருந்தால், அவர்களுக்கு இன்றே தகவல் சொல்லி வண்டியை வரவழைத்துச் சரிசெய்யுங்கள். அவர்களுக்குப் பின்னால் வருபவரும் விழிப்பாக இருப்பார் என்று சொல்ல முடியாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன். என் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த மாற்றத்தைப் பற்றியும் அதன் விளைவைப் பற்றியும் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. கழற்றிய சுவிட்ச், கருகிய கிளிப், எலெக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட அளவீட்டுக் குறிப்பு ஆகியவை என்னிடம் உள்ளன. முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத் தங்கள் பொறியாளர் வந்து பார்வையிடலாம். எடுத்துச் செல்ல அனுமதிக்க இயலாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விலைப்புள்ளி, ஜாப் கார்டு, அளவீட்டுக் குறிப்பு, இழுவை வண்டி ரசீது ஆகியவற்றின் நகல்கள்