எங்கள் மாணவர்களை ஒலிக்கூடத்துக்குள் விட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும், டப்பிங் தியேட்டர்களிலும், மார்கழிக் கச்சேரி மேடைகளிலும், பாடல் உரிமைகளைக் கவனிக்கும் அலுவலகங்களிலும் எங்கள் காட்சித் தொடர்பியல், இசைத் துறை மாணவர்களுக்கு இந்த ஆண்டு இடம் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நன்றிக் கடிதம் என்றால் ‘நல்லதொரு ஒத்துழைப்பு நல்கினீர்கள்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அப்படி எழுதினால் நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்பது அடுத்த ஆண்டு வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். அதனால் யாருக்கு எதற்காக நன்றி என்பதை விவரமாகவே எழுதுகிறோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, ‘பதினைந்து நாள் பயிற்சி என்றால் ஆளே அனுப்பாதீர்கள்’ என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒலிப்பதிவாளர்களுக்கு. பாடத்திட்டம் 15 நாளே போதும் என்கிறது. ஆனால் 15 நாளில் ஒரு மாணவர் கண்ணால் பார்ப்பது ஒரு பாடலின் குரல் பதிவும் யாரோ செய்கிற எடிட்டிங்கும் மட்டும்தான். ஒரு வேலையின் தலையும் வாலும் புரிய எட்டு வாரம் வேண்டும். அந்த எட்டு வாரத்தை நீங்களே பிரித்தும் கொடுத்தீர்கள். முதல் இரண்டு வாரம் கேபிள், ஸ்டாண்டு, ஹெட்போன். அடுத்த இரண்டு வாரம் பின்னால் உட்கார்ந்து டிராக் ஷீட் (எந்த டிராக்கில் என்ன பதிவாகியிருக்கிறது என்ற குறிப்பு) எழுதுவது. ஐந்தாம் வாரம் செஷன் (பாடலின் எல்லா டிராக்கும் அடங்கிய கம்ப்யூட்டர் கோப்பு) திறப்பது, மூடுவது, பேக்கப் எடுப்பது. கன்சோல் (கலவை மேசை) பக்கம் கை போவது அதற்கப்புறம்தான். இந்த வரிசையைக் கேட்டு முதல் நாள் முகம் சுளிக்காத மாணவர் கிடையாது. ஆறாம் வாரத்தில் எல்லோருக்கும் காரணம் புரிந்துவிடுகிறது.

இனி உதவி ஒலிப்பதிவாளர்கள். பெரிய பெயர்கள் வந்து போகிற இடத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான்.

செஷன் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சாம்பிள் ரேட், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறோம் என்ற எண் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். படத்துக்கான வேலை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இசையமைப்பாளர் வீட்டிலிருந்து வரும் டிராக்கோ பல நேரம் 44.1-இல் இருக்கும். உள்ளே இழுக்கும்போது மாற்றட்டுமா என்று மென்பொருள் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் 4 நிமிடப் பாடல் 3 நிமிடம் 40.5 நொடியில் ஓடி முடியும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். பாடகர் ஹெட்போனை மாட்டி ‘என்ன, கட்டை ஏறியிருக்கே?’ என்று கேட்ட பிறகு இது தெரிந்தால், கால்ஷீட்டில் ஒரு பகுதி அதைத் தேடியே போகும். காலையில் அரை நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் காலை வேலைதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி பிடிக்கும். 32 டிராக், 4 நிமிடப் பாடல் என்றால் ஒரு டேக்குக்கு 1.1 ஜிபி. ஐந்து டேக்கை வைத்துக்கொண்டால் ஐந்தரை. இந்தக் கணக்கைப் பேப்பரில் போடவைத்த பிறகே மாணவர்களை கம்ப்யூட்டரைத் தொடவிட்டீர்கள். பேக்கப்புக்கும் உங்கள் விதியை அப்படியே எங்கள் கையேட்டில் சேர்த்துவிட்டோம்: இரண்டு வேறு டிரைவில் இரண்டு நகல், அதில் ஒன்று அன்றே கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும், இன்னொரு கம்ப்யூட்டரில் செஷனைத் திறந்து ஓட்டிப் பார்க்கும்வரை எந்த கார்டையும் அழிக்கக் கூடாது. காப்பி ஆகிவிட்டது என்று திரை சொல்வதும், செஷன் திறப்பதும் வேறு வேறு விஷயம்.

கோப்புக்குப் பெயர் வைப்பது பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் ஃபைனல் 2’ என்று பெயர் வைக்கிற பழக்கம் எங்கள் வகுப்பறையிலிருந்துதான் வந்தது, ஒப்புக்கொள்கிறோம். படக் குறியீடு, பாடல் எண், பகுதி (பல்லவி, இடையிசை 1, சரணம் 1), தேதி, பதிப்பு எண் என்ற உங்கள் வரிசை இப்போது எங்கள் ஆய்வகத்தின் சட்டம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால்தான் பட்டியல் தானாகக் கால வரிசையில் நிற்கும் என்பதும் உங்களிடம் கற்றதே.

ஹெட்போன் மிக்ஸ் என்பது ஒரு மாணவர் முழுப் பொறுப்பாகச் செய்யக்கூடிய முதல் வேலை. அதைக் கெடுப்பது கிளிக், அதாவது தாளம் தவறாமல் இருக்க ஹெட்போனில் ஓடும் ‘டக், டக்’ சத்தம். வயலின் கலைஞர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டுவார்கள். திறந்து கிடக்கும் மற்றொரு பக்கத்திலிருந்து கிளிக் சத்தம் நேராக மைக்கில் விழும். அந்தப் பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டவைக்கச் சொல்ல வேண்டும், முடிந்தால் அந்தப் பக்கத்துக்குப் போகும் சத்தத்தையே நிறுத்திவிட வேண்டும். மெதுவான பாடல் முடியும் இடம் இன்னும் மோசம்: கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கும்போது பின்னால் ‘டக், டக்’ என்று கேட்கும். கடைசி தாளச் சுற்று தொடங்கியதும் கிளிக்கைக் குறைத்து, கடைசி அடியோடு நிறுத்த வேண்டும் என்பதை எந்தப் பாடநூலிலும் நாங்கள் படித்ததில்லை. சில மைக்குகள் இயங்கத் தேவையான 48 வோல்ட்டைக் கொடுக்கும் முன்பும் நிறுத்தும் முன்பும் ஃபேடரை (சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) இறக்க வேண்டும். பழைய ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடா உள்ள மைக்) இருக்கும் வரிசையில் யாரையும் கேட்காமல் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது.

வாத்தியக் கலைஞர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. கலவை மேசையைப் பற்றிப் பாடம் எடுக்க எங்களால் முடியும். மிருதங்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை எங்களால் சொல்லியிருக்க முடியாது. தோல் காற்றின் ஈரத்துக்கு மாறும். வெளியே வெயிலிலிருந்து வந்த வாத்தியத்தை ஏசி அறையில் உடனே சுருதி சேர்த்தால் அரை மணியில் கலையும். வாத்தியம் முதலில் அறைக்குப் பழக வேண்டும், அதன் பிறகே சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும். தொப்பியில் (இடது பக்கத்தில்) ஒட்டிய ரவை காயக் காய கும்கியின், அதாவது அந்தப் பக்கத்து ஆழ்ந்த நாதத்தின், கனம் மாறுகிறது. முதல் டேக்கையும் ஏழாவது டேக்கையும் ஒட்டவைக்கும்போது இடது பக்கம் ஒட்டாமல் போவது இதனால்தான். எடிட்டிங் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘அண்ணா, ரவையை ஒருதடவை பார்த்துக்கிறீங்களா?’ என்று டேக்குக்கு முன்னால் கேட்டால் போதும்.

நாகஸ்வரத்துக்கு அணசின் (கீழ்முனையில் விரிந்திருக்கும் பகுதியின்) வாய்க்கு நேரே மைக் வைக்கிற தவறை எல்லா மாணவரும் செய்கிறார்கள். ஒலி விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசில் மட்டும் வைத்தால் சில சுரங்கள் பாய்ந்து வரும், சில பின்வாங்கும். நாலைந்து அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில், மைக்கின் பேட் சுவிட்சை (உள்ளே வரும் சத்தத்தைக் குறைப்பது) போட்டு வைக்கச் சொன்ன வித்துவானுக்கு எங்கள் வணக்கம். அருகில் தவில் இருந்தால் அது வேறு கதை.

கலைஞர்களைக் கூட்டிவரும் ஒருங்கிணைப்பாளர்களை இந்தத் துறையில் யாரும் மேடையில் அழைத்து மாலை போடுவதில்லை. நாற்காலிகளை எண்ணுவது, இரண்டு வயலினுக்கு ஒரு நோட்டேஷன் ஸ்டாண்டு, பேனா கூடாது பென்சில்தான், நோட்டேஷன் பிரதி ஆளுக்கு ஏற்றபடி எடுத்துவிட்டுக் கூடவே இரண்டு அதிகம், அன்றைய சம்பள வவுச்சர் அன்றே கையெழுத்து. இதையெல்லாம் ஒரு மாணவியிடம் முழுதாக ஒப்படைத்துப் பார்த்த நிர்வாகிக்கு நன்றி.

டப்பிங் தியேட்டர்காரர்களுக்கு ஒன்றே ஒன்று: வசனத்தையும் இசை, எஃபெக்ட்ஸ் டிராக்கையும் தொடக்கத்திலிருந்தே பிரித்து வைக்காவிட்டால் படம் தெலுங்குக்குப் போகும்போது தமிழ் வசனத்தை மட்டும் எடுக்க முடியாமல் போகும் என்று காட்டினீர்கள். அடி வாங்காமல் கற்ற பாடம்.

மார்கழியில் சபாக்களில் மைக்செட் போடும் அண்ணன்மார்களே, எங்கள் பருவத் தேர்வுகள் முடியும் நேரமும் உங்கள் சீசன் தொடங்கும் நேரமும் ஒத்துப்போவது எங்கள் அதிர்ஷ்டம். சுருதிப் பெட்டியை இணைத்ததும் 50 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும்போது, பிளக்கின் எர்த் பின்னை வெட்டிப் போடுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பாடகரின் உயிரோடு விளையாடுவது. வாத்தியத்தைக் கலவை மேசையோடு இணைக்கும் டிஐ பெட்டியில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) தட்ட வேண்டும், மேடைக் கருவிகளுக்கு ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். இதைத் திட்டித்தான் சொன்னீர்கள். திட்டியது சரிதான்.

உரிமை, வெளியீட்டு அலுவலகங்களில் வேலை பார்த்த மாணவர்கள்தான் முதலில் மிகவும் சலித்துக்கொண்டவர்கள். நாள் முழுக்க அட்டவணை. ஆனால் பணம் எந்த வழியாக வருகிறது என்று இன்று தெளிவாகச் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற சர்வதேச அடையாள எண், 12 எழுத்து: நாட்டுக்கு 2, பதிவு செய்பவருக்கு 3, ஆண்டுக்கு 2, வரிசைக்கு 5. அதே பதிவு ஆல்பத்திலும் தனிப்பாடலாகவும் வந்தால் எண் மாறாது. ரீமிக்ஸுக்கும் மேடைப் பதிவுக்கும் புது எண். பாட்டு என்ற படைப்புக்கு, அதாவது வரிக்கும் மெட்டுக்கும், ஐஎஸ்டபிள்யூசி என்று வேறு எண். இந்த இரண்டையும் குழப்பினால் பாடலாசிரியருக்கு வர வேண்டியது எங்கோ தேங்கி நிற்கும். 2012 பதிப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதிசெய்தது உண்மை. ஆனால் 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் போன்ற, ராயல்டியை வசூலித்துப் பிரித்துக்கொடுக்கும் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்தால்தான் அது கைக்கு வரும். கூடவே நம் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று: ழகரம் உள்ள பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவது. பாட்டுத் தளங்களில் ஒரே பாடகருக்கு இரண்டு பக்கம் உருவாகி, பாட்டுகள் சிதறிக் கிடக்கும். கலைஞரிடமே கேட்டு எழுதிவாங்கிய ஒரே எழுத்துக்கோவையை எல்லா இடத்திலும் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்களுக்கு, அந்தப் பாடகர்கள் சார்பிலும் நன்றி.

வெளிவராத பாட்டு இருக்கும் அறையில் கைப்பேசி மேசை டிராயருக்குள் போக வேண்டும் என்று கறாராக இருந்தீர்கள். தன்படம் எடுக்கும்போது பின்னால் திரையில் செஷன் பெயர் தெரிந்தாலே போதும், படத்தின் தலைப்பு வெளியே போய்விடும்.

ரீ-ரிக்கார்டிங் (படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பது) நள்ளிரவு தாண்டும். மாணவியர் விடுதியின் கதவோ இரவு ஒன்பதுக்கே மூடும். கால்ஷீட் நேரம், பொறுப்பாளர் கைப்பேசி எண், திரும்பக் கொண்டுவிடும் வண்டியின் எண் மூன்றும் ஒரே தாளில் மாலை ஐந்துக்குள் வந்தால் கதவைத் திறப்பேன் என்று சொன்ன வார்டன் அம்மாவுக்கும், அந்தத் தாளை ஒருநாளும் தவறவிடாத கூட மேலாளர்களுக்கும் நன்றி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பளமில்லாப் பயிற்சியாளருக்கும் பொருந்தும். உள் குழு உறுப்பினர்களின் பெயரை முதல் நாளே மாணவர் கையில் எழுதிக்கொடுத்த இடங்கள் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சிறு கூடங்களில் உள் குழு இருக்காது. அங்கே மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்பதையும் நீங்களே சொன்னீர்கள்.

ஒரு வருத்தத்தையும் மறைக்க வேண்டாம். பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில் எட்டு வாரமும் டீயும் பார்சலும்தான். டீ வாங்கப் போவதில் இழுக்கு ஒன்றுமில்லை, எல்லோரும் வாங்கியவர்களே. டீயோடு திரும்பிவந்த பிறகு உட்கார ஒரு நாற்காலி வேண்டும். பஸ் செலவுக்காவது பணம் கொடுத்த கூடங்களின் பட்டியலை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் முதலில் நீட்டப்போகிறோம். வெற்று வேலைக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போட மறுத்து, ‘என்ன செய்தாய் என்று எழுதிக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பியவர்களுக்குத் தனி நன்றி. அந்தக் குறிப்பேடுகள்தான் இந்த மடலின் பாதி.

கடைசியாக, கயிறு சுற்றுவதுபோல முழங்கையில் சுற்றாமல், ஒரு வளையம் மேலே ஒரு வளையம் கீழே என்று கேபிள் சுற்றக் கற்றுக்கொடுத்த சாலிகிராமத்து அண்ணனுக்கு: உங்கள் சிவப்பு டேப் ஒட்டிய எக்ஸ்எல்ஆர் (மைக்) கேபிள் இரண்டு எங்கள் பையோடு கல்லூரிக்கு வந்துவிட்டது. நீங்கள் சொன்னபடியே சுற்றி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலை பையன் கொண்டுவந்து கொடுப்பான்.

இப்படிக்கு,
பயிற்சி ஒருங்கிணைப்புக் குழு ஆசிரியர்கள்