முதலில் கையெழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் செல்வராஜ். கோவை சிங்காநல்லூரில் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் நீங்கள் போட்ட உத்தரவை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. அது கடன் வாங்கியவர்களைக் காப்பாற்றப் போட்டது. கடனே வாங்காதவன் எங்கே போவது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் கடைக்கு வெளியே போயிருந்த நேரத்தில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். 2021இல் செல்வராஜ் வாங்கிய பைக் கடனில் 68,400 ரூபாய் பாக்கி என்று சொல்லியிருக்கிறார்கள். ஆள் இல்லை என்றதும், காயில் கணக்குக்குப் பக்கத்தில் சுவரில் நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கும் போன் நம்பர்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒரு நம்பருக்கு மேலே ‘சம்பந்தி வீடு’ என்று எழுதியிருந்தது.

மகளைக் கட்டிக்கொடுத்துப் பதினோரு மாதம்தான் ஆகிறது. அன்று இரவே சம்பந்தியம்மா கூப்பிட்டார். “ஏனுங்க, ஏதாச்சும் பணமுடைங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. பொண்ணு போட்டுட்டு வந்த நகையை வேணும்னா எடுத்து வெச்சுக் கட்டிருங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது என் கடனே இல்லை என்று நான் சொல்லச் சொல்ல “சரிங்க, சரிங்க” என்றார். அவர் நம்பவில்லை என்பது அந்த ‘சரிங்க’விலேயே தெரிந்தது. மறுநாள் மகள் போன் செய்து, “அப்பா, நெஜமாவே வாங்கலைதானே?” என்று கேட்டாள்.

நீங்கள் 2017 முதல் கொடுக்கச் சொன்ன இலவச வருடாந்திரக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று பதிந்து வைக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நாட்டில் இருக்கின்றன; அவற்றில் ஒன்றின் அறிக்கையில் அந்த பைக் கடன் என் பெயரில் ஏறியிருந்தது. நான் குடியிருந்தே இராத ஒரு திருப்பூர் விலாசம், நான் வைத்திருந்தே இராத ஒரு போன் நம்பர், ‘வாராக்கடன்’ என்ற முத்திரை. 771ஆக இருந்த என் கடன் மதிப்பெண் 584 ஆகியிருந்தது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆர். செல்வராஜ் என்று தேடினால் எங்கள் வார்டிலேயே நாலு பேர் வருவார்கள். என் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த ஜூன் மாதத் தேதிதான் பிறந்த தேதி. பெயரும் தேதியும் ஒத்துப்போனால் ஆள் ஒன்றாகிவிடுமா?

அந்தத் தகவல் நிறுவனத்திடம் புகார் கொடுத்தேன். இருபத்தேழாம் நாள் ஒற்றை வரியில் பதில் வந்தது: “கடன் கொடுத்த நிறுவனம் இத்தகவல் சரியென உறுதி செய்துள்ளது.” அவ்வளவுதான், புகார் முடிந்தது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் நீங்கள் கொண்டுவந்த விதி நல்ல விதி. ஆனால் 27ஆம் நாளில் ‘சரிதான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த விதி அவர்களைத் தொடுவதே இல்லை. 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டால்தான் தகவலைத் திருத்த முடியும். யார் மேல் புகார் சொல்கிறேனோ அவரையே கேட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். என் கையெழுத்து உள்ள கடன் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று நான் நான்கு முறை கேட்டேன். ஒருவரும் காட்டவில்லை. காலை ஏழே காலுக்கு வரும் போன் மட்டும் நிற்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். ‘இது என் கடன் இல்லை’ என்று ஒருவர் எழுத்தில் கொடுத்த நாளிலிருந்து வசூல் நிற்க வேண்டும். கையெழுத்திட்ட பத்திரத்தையும் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் காட்டினால்தான் மறுபடி தொடங்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பதிவை நீக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “பதினஞ்சாயிரம் கட்டுங்க, செட்டில் பண்ணிரலாம்” என்று அந்த ஏஜென்ட் என்னிடம் பேரம் பேசினார். மானத்துக்குப் பயந்து கட்டிவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘செட்டில்டு’ என்ற சொல்லும் அறிக்கையில் கறையாகவே நிற்கும். எங்கள் பக்கத்துக் குழுக்கடன் பெண்களுக்கு இதைவிட மோசம். இப்படிப்பட்ட நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான் வசூல் என்று நீங்கள் விதித்திருக்கிறீர்கள். இரவு எட்டு மணிக்கும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அந்த விதியை எடுத்துச் சொல்ல எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்? விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, கடன் கொடுக்கும்போதே கையில் கொடுக்கச் சொன்னால் என்ன?

கோபத்தில் நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் என் புகாரைத் தள்ளிவிட்டதால் உங்கள் குறைதீர்ப்பாளரிடம் (உதவி எண் 14448) முறைப்படி மனுக் கொடுக்கிறேன். என் ஒருவன் பதிவு அங்கே சரியாகிவிடலாம். நான் உங்களிடம் கேட்பது விதியை. கையெழுத்தைக் காட்டாமல் வசூலுக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் போடுங்கள். சம்பந்தி வீட்டில் அந்த உத்தரவின் நகலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
செல்வராஜ்,
மோட்டார் ரீவைண்டிங் கடை, சிங்காநல்லூர், கோவை