கண்காட்சிக் கூட வாடகை ஒப்பந்தத்தில் கழிவு, மின்சார விதிகளைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: அரங்கு அமைப்போர், மின்பணியாளர், துப்புரவுப் பணியாளர் கூட்டுக் குழு
பெறுநர்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், அரசு வர்த்தகக் கண்காட்சி மையம்

பொருள்: வாடகை ஒப்பந்தத் திருத்தம் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கண்காட்சிக் கூடத்தின் வாடகை ஒப்பந்தத்தைத் திருத்தும்போது கீழ்க்கண்டவற்றையும் சேர்க்குமாறு வேண்டுகிறோம்.

கண்காட்சிக் குப்பையில் பெரும்பங்கு கடைசி நாள் இரவில்தான் சேர்கிறது. மாலை 6 மணிக்குக் காட்சி முடிகிறது. விடிவதற்குள் கூடத்தை ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. கடப்பாரையால் நெம்புகிறார்கள். பிளைவுட்டின் ஓரம் பிளக்கிறது, லேமினேட் உரிகிறது. இன்னும் பல காட்சிகளுக்கு உழைத்திருக்கும் பலகை அன்றே விறகாகிவிடுகிறது. ஆணி, ஒயர், கார்ப்பெட், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஒரே லாரியில் ஏறியபின் அதைப் பிரிப்பார் இல்லை. ஆகவே எங்கள் முதல் கோரிக்கை நேரம்தான். அரங்குகளைப் பிரிக்க ஒரு முழுப் பகலை வாடகையின்றித் தர வேண்டும். வாடகை வாங்கினால் கண்காட்சியை நடத்தும் அமைப்பாளர் அந்தப் பகலை எடுக்கவே மாட்டார்.

நேரம் கொடுத்தால் மட்டும் போதாது. அமைப்பாளரைக் கேட்டால் ஸ்டால்காரரைக் காட்டுவார், ஸ்டால்காரர் காண்ட்ராக்டரைக் காட்டுவார். எனவே சதுர மீட்டர் கணக்கில் வைப்புத்தொகை வாங்கி, அரங்கு அமைத்தவரிடமும் கையெழுத்துப் பெற்று, தரை காலியானதைப் படமெடுத்தபின் திருப்பித் தரலாம்.

அடுத்தது கார்ப்பெட். 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டாலுக்கு 9 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று வைத்தாலும் 200 ஸ்டாலுக்கு 540 கிலோ பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், நடைபாதை தனி. பாலிப்ரொப்பிலீனை உருக்கி மறுசுழற்சி செய்ய முடியும். ஆனால் அடியில் ஒட்டும் டபுள் டேப்பின் பசையும் மண்ணும் சேர்ந்துவிட்டால் மறுசுழற்சிக்காரர்கள் தொட மாட்டார்கள். கூடத்தின் தரை நன்றாக இருக்கும்போது கார்ப்பெட்டே வேண்டாம். வேண்டுமென்பவர் எண்ணிட்ட சதுரக் கார்ப்பெட் துண்டுகளாக வாடகைக்கு எடுத்து, ஓரத்தில் மட்டும் பசை தங்காத டேப் ஒட்டட்டும்.

ஃப்ளெக்ஸ் பேனரை அனுமதிக்கவே கூடாது. அது பாலியஸ்டர் வலையின் மேல் பி.வி.சி. பூசியது, இரண்டையும் எளிதில் பிரிக்க முடியாது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்ஸின் ஆகிய நச்சுகள் வரும். ‘பசுமைக் கண்காட்சி’ என்ற பெயர்ப்பலகையே ஃப்ளெக்ஸில் தொங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். அலுமினியச் சட்டத்தில் செருகும் துணி அச்சு இதற்கு மாற்று; மடித்து எடுத்துப்போகலாம். அதிலும் தேதியை அச்சடித்தால் அடுத்த முறை உதவாது. தேதிக்குத் தனியாக ஒரு சிறு பட்டை போதும்.

மின்சாரத்தில் பெரிய சேமிப்பு விளக்கில் இருக்கிறது. ஸ்டாலுக்கு மூன்று 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குக்குப் பதில் மூன்று 50 வாட் எல்.இ.டி. மாட்டினால் 200 ஸ்டாலில் 60 கிலோவாட் குறையும். பத்து மணி நேரத்துக்கு 600 யூனிட். அந்த விளக்குகளின் சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஓடுவதும் குறையும். அரங்கு கட்டும் நாட்களில் சரக்குக் கதவைத் திறந்துபோட்டு ஏ.சி. ஓட்டுவதை நிறுத்தச் செலவே கிடையாது.

ஜெனரேட்டரை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வைப்பதும் தவறு. 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர் சுமார் 100 கிலோவாட் தாங்கும். அதில் 20 கிலோவாட் மட்டும் நெடுநேரம் ஓட்டினால் எஞ்சின் போதிய சூடேறாமல், எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். முந்தைய காட்சிகளின் மீட்டர் அளவை அமைப்பாளருக்குக் கொடுத்தால் சரியான அளவில் எடுப்பார்.

உணவுப் பகுதியில் ‘மட்கும் கோப்பை’ என்பதை நம்பி ஏமாற வேண்டாம். பி.எல்.ஏ. (தாவரப் பொருளிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கோப்பை மட்குவதற்குத் தொழில்முறை உரக்கிடங்கின் 60 டிகிரி செல்சியஸுக்கு நெருங்கிய சூடு வேண்டும்; சாதாரணக் குழியில் கிடந்தால் நெடுங்காலம் அப்படியே இருக்கும். பெட் பாட்டிலோடு கலந்தால் மறுசுழற்சிக்குப் போகும் அந்தப் பாட்டில் மூட்டையையும் கெடுக்கும். கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் தட்டு, டம்ளரே சரி. அதற்குக் கழுவுமிடமும் வடிகாலும் எண்ணெய் தடுப்புத் தொட்டியும் மையம்தான் கட்டித்தர வேண்டும். குப்பைத்தொட்டிகளை எங்கும் தனித்து வைக்காமல் எல்லா வகைத் தொட்டிகளையும் ஒரே இடத்தில் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மிச்சத் தேநீர் ஒரு டம்ளர் ஊற்றினால் போதும், ஒரு மூட்டைக் காகிதமும் வீண்.

ஐ.எஸ்.ஓ. 20121 சான்று வாங்கினால் போதுமே என்று கேட்கப்படலாம். 2012இல் வந்து 2024இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை நிகழ்ச்சியை நிர்வகிக்கும் முறையைச் சொல்வது. இத்தனை கிலோவுக்கு மேல் கழிவு கூடாது என்று வரம்பு வைப்பதல்ல. ஆகவே வெளியேறும் வாயிலில் ஓர் எடைமேடை அமைத்து, மரம், கார்ப்பெட், காகிதம், உணவு, கலப்புக் குப்பை எனத் தனித்தனியே எடைபோட்டு, ஒவ்வொரு காட்சியின் கணக்கையும் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்ட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கலப்புக் குப்பைக்கு மட்டும் கிலோ கணக்கில் கட்டணம் வசூலிக்கலாம்.

இவ்விதிகளை ஏற்கெனவே பதிவான காட்சிகளுக்கு விலக்களித்து, புதிய பதிவுகளிலிருந்து நடைமுறைப்படுத்த வேண்டுகிறோம். வரைவு விதிகளைத் தயாரிக்கும்போது எங்களையும் அழைத்தால் அளவுகளுடன் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கூட்டுக் குழுவினர்