புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

ஆசிரியருக்கு,

விடுமுறை விட்டால் காரைக்குடிப் பக்கம் "கேம் திணறுது, புது கார்டு வேணும்" என்ற பேச்சுதான். கொஞ்சம் பொறுங்கள். கேமின் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க் அமைப்பை அணைத்துவிட்டு, கேம் ஓடும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் தடை. 50, 60-லேயே நின்றால் தடை பெரும்பாலும் பிராசசர். அப்போது புது கார்டு போட்டாலும் வேகம் அதிகரிக்காது. சூடு ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம்மூர்ச் செம்மண் தூசியை முதலில் ஊதி எடுங்கள். பழைய கார்டென்றால், சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டையும் மாற்றுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில். கார்டு செருகும் மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 6 பின் இணைப்பு 75, 8 பின் 150. 115 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை, பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் (பழைய 4 பின் இணைப்பு) கன்வெர்ட்டர் வைத்து ஓட்டினால் ஒயர் உருகலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு, போர்டோடு தகவல் பரிமாறும் பாதை (லேன்) நாலுதான். ஸ்லாட்டின் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 போர்டில் அது தடுமாறும், மலிவென்று ஏமாறாதீர்கள்.

கல்யாண ஆல்பம் போடுகிறவர்களுக்கு முதல் செலவு ராம். 8 ஜிபியை 16 ஆக்கிப் பார்த்துவிட்டுக் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

வாசகர்,
காரைக்குடி