டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நோயாளிகளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பி வைக்கும் டாக்டர்மாருக்கும் சிஸ்டர்மாருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம். நான் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுகிறவன். வயது 57. சுகர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பத்தாம் வகுப்பு வரை படித்தவன், படிப்பகத்துக்குப் போய்ப் பேப்பர் வாசிக்கிற பழக்கம் உண்டு. இதை நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் போனில் அடித்துத் தருகிறாள்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஆனி மாத மழையில் காலில் ஒரு குச்சி கீறியது. பூட்ஸுக்குள் தண்ணீர், ஈரக் காலுறை, அட்டைக் கடி வேறு. கீறலை நான் பார்க்கவே இல்லை, பாதத்தில் உணர்ச்சி குறைந்து வருஷக்கணக்காகிறது. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். முழங்கால் வரை சிவந்து வீங்கி, தொட்டால் அடுப்புச் சூடு. ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தேன். சீழைக் கீறி எடுத்தார்கள், நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். விரல்கூட எடுக்காமல் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த வேலையில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அந்தக் காய்ச்சல் நாள்களில் வீட்டில் ஒரு தப்பு நடந்தது. அது எங்கள் தப்பு. இரண்டு நாள் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. "ஒண்ணும் திங்கல்லியே, பின்ன மாத்திரை எதுக்கு?" என்று மனைவி கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தால் சுகர் 412. பட்டினி கிடந்தவனுக்கு 412 எப்படி வரும் என்று டூட்டி டாக்டரிடம் கேட்டேன். கட்டிலோரம் நின்றபடியே சொன்னார்: கிருமியோடு சண்டை போட உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் போன்றவற்றைக் கூட்டும், அவை ஈரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது. சுகர் அப்படி ஏறிக் கிடந்தால் கிருமியைத் தின்ன வேண்டிய வெள்ளணுக்களும் மந்தமாகிவிடும், புண்ணும் ஆறாது. இரண்டே நிமிஷம்தான் பேசினார். ஒன்பது வருஷத்தில் சுகரைப் பற்றி எனக்கு இவ்வளவு விளங்கியது அன்றைக்குத்தான்.

அதே கணக்கை அவர் மறுபக்கமும் போட்டுக் காட்டியிருக்கலாம். கிருமி ஏற ஏற இன்சுலின் கூடுதலாக வேண்டும் என்றால், கிருமி இறங்க இறங்க அது குறைய வேண்டும் அல்லவா? அந்தப் பாதியை யாரும் சொல்லவில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

டிஸ்சார்ஜ் அன்று மதியம் ஒரு மணி இருக்கும். பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்து நிற்கிறது. பில், ஸ்கேன் கவர், எக்ஸ்ரே, மாத்திரைப் பொட்டலம், எல்லாவற்றையும் மகன் வாங்கிக்கொண்டு ஓடுகிறான். என் கையில் ஒரு சீட்டு. முன்பக்கம் முழுக்க இங்கிலீஷ். கலப்பு இன்சுலின் காலை 24 யூனிட், இரவு 16. சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை 1-0-0, அதாவது காலையில் மட்டும் ஒன்று. பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக். "பழைய மருந்தெல்லாம்?" என்று கேட்டேன். "அப்படியே தொடருங்க" என்று ஒரு குரல் வந்தது, யார் குரல் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் போய்விட்டது. சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"அப்படியே" என்றால் எப்படி? வீட்டில் பிஸ்கட் டப்பா நிறைய மெட்ஃபார்மின், என் பழைய சுகர் மாத்திரை, கிடந்தது. வார்டில் சேர்ந்த அன்றே அதை நிறுத்திவிட்டார்கள், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கிட்னிக் கணக்கு கூடியிருக்கிறது என்று சிஸ்டர் சொன்னது நினைவிருக்கிறது. கடுமையான கிருமித் தாக்கில் கிட்னி சுணங்கும்போது அந்த மாத்திரையை நிறுத்துவது சரியான வழி என்றும், கிரியாட்டினின் பார்த்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும் என்றும் இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா, "மருந்து ஏதும் மாறியிருக்கா? புதுச் சீட்டைக் காட்டுங்க" என்று கேட்டார். காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெட்ஃபார்மின் நிறுத்தப்பட்டது என்று அதில் எங்கேயும் இல்லை, தொடர வேண்டும் என்றும் இல்லை. வழக்கம்போல் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வேறு என்ன செய்வார்? பின்னால் ரத்தம் பார்த்தபோது கிட்னி சரியாக இருந்தது. என் அதிர்ஷ்டம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு ஒரு அச்சடித்த தாள் தந்தார்கள். ஓட்ஸ், சப்பாத்தி, ஆப்பிள். டாக்டர், எங்கள் வீட்டில் சப்பாத்தி விருந்தாளி மாதிரி, எப்போதாவது வரும். எங்களுக்குக் கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், புட்டு. கிழங்கை அடியோடு விடு என்று சொன்னால் ஒரு வாரம் விடுவோம், எட்டாம் நாள் இரண்டு மடங்கு தின்போம். கிழங்கு உள்ளங்கை அளவு, அதோடு சாளை மீனோ அயிலை மீனோ தாராளமாக, ஒரு முட்டை, சிறுபயறு, என்று யாராவது சொல்லியிருந்தால் அது நடக்கிற காரியம். புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும் என்பதே அந்தத் தாளில் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களோ ஏத்தன் பழமும் சத்துமாவு டப்பாவுமாகக் கொண்டு குவித்தார்கள். கருப்பட்டி போட்டால் சுகருக்கு ஒன்றும் செய்யாது என்று சத்தியம் செய்தவர்கள் மூன்று பேர். கருப்பட்டியும் சர்க்கரையைத்தான் ஏற்றும். நம்மூரில் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது, நான் விட்டுவிட்டேன்.

ஆறாவது வாரம் வேலைக்குப் போனேன். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம், ஆனால் வெட்டு நாளுக்குத்தான் கூலி. புண் தோல் மூடிவிட்டது, காய்ச்சல் இல்லை, சாப்பாடு பழைய அளவுக்கு வந்திருந்தது. இன்சுலின் மட்டும் அதே 24, அதே 16.

பால்வெட்டுக்காரனின் காலை எத்தனை மணிக்கு என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்றரைக்கு எழும்ப வேண்டும். வெயில் ஏறும் முன்பு வெட்டினால்தான் மரம் பால் நன்றாக விடும். நான் ஒரு நாளைக்கு 300 மரம் வெட்டுவேன். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டன் சாயா, பால் ஊற்றாத டீ, குடித்துவிட்டு இறங்கினால், வெட்டி முடித்து, பால் எடுத்து, வீடு திரும்பிச் சாப்பிட ஒன்பது, ஒன்பதரை ஆகும். சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று கிளிமிபிரைடுக்கு நேரே எழுதியிருந்தது. நான் சொன்ன பேச்சுக் கேட்கிற நோயாளி. மூன்றரைக்குச் சீனி போடாத கட்டன் சாயாவோடு அதை விழுங்கினேன். இரவு எட்டு மணிக்குப் போட்ட 16 யூனிட்டும் விடியும் வரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

ஐந்தரை மணி இருக்கும். நல்ல குளிர், ஆனால் சட்டை நனைய வேர்த்தது. படுத்துக் கிடந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கை நடுங்கியது. பால்வெட்டில் ஒரு ஒழுங்கு உண்டு. பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் தடியைத் தொடக்கூடாது. கத்தி கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முடிச்சு விழுந்து பின்னால் வெட்ட முடியாமல் போகும். முப்பது வருஷத்தில் என் கத்தி தடியில் பட்டது கொஞ்சம்தான். அன்றைக்கு வரிசையாக நாலு மரத்தில் பட்டது. நாலாவது மரத்தில் வெள்ளைத் தடி தெரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

"அண்ணே, என்ன பற்றிச்சு?" என்று அடுத்த வரிசைக்காரன் ஓடி வந்தான். அவன் அம்மாவுக்கும் சுகர், அதனால் அவனுக்குப் பழக்கம் உண்டு. தன் பிளாஸ்கில் இருந்த சீனிச் சாயாவைக் குடிக்க வைத்தான். கால் மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் பார்த்தபோது 58. அதற்கு முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 70-க்குக் கீழே போனாலே ஆபத்து என்கிறீர்கள். அந்தத் தோட்டத்தில் அன்று நான் தனியாக இருந்திருந்தால் இந்த மடல் இருக்காது.

பிறகு பார்த்த டாக்டர் சீட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இந்த இன்சுலின் அளவு காய்ச்சல்காரனுக்கு எழுதியது, உங்களுக்குக் காய்ச்சல் போய் ஒரு மாசம் ஆச்சே என்றார். கிளிமிபிரைடை நிறுத்தினார். இன்சுலினை முதல் நாளே பாதியாக்கினார், அப்புறம் வாரா வாரம் குறைத்தார். அதற்கு முந்தின வாரம் எடுத்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை 7.4 என்று வந்திருந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். உச்சியில் 412, அடியில் 58, இரண்டையும் கலக்கினால் நடுவில் அழகான எண் வரத்தானே செய்யும்! சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சுகரைத் தடாலென்று இறக்கிவிடும் என்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். லீவோஃப்ளாக்சசின் அப்படி ஒன்று.

இனி நான் கேட்பது. கூட்டத்தையும் உங்கள் நேரத்தையும் நான் பார்த்தவன், பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. இன்சுலின் எத்தனை யூனிட் என்று எழுதும்போது, அதைக் குறைக்க வேண்டிய நாளையும் தமிழில் எழுதுங்கள். 'காலை வெறும் வயிற்றில் இரண்டு நாள் 100-க்குக் கீழே வந்தால் போன் செய்யவும்' என்று ஒரு வரி போதும், எண்ணை ஆளுக்குத் தகுந்தபடி நீங்கள் தீர்மானியுங்கள். எந்த எண்ணுக்குப் போன் செய்வது, யார் எடுப்பார் என்பதும் வேண்டும். எந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள், என்ன பரிசோதனை பார்த்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்பதும் வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம் என்கிறார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் அதைத் தொடர்ந்தால், சுகர் அவ்வளவாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடுமாம். மாத்திரை கொண்டுவரும் அக்காமார் வாசிக்கிற மாதிரி அது தமிழில் இருக்கட்டும்.

'நீங்கள் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்' என்று நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் மட்டும் இல்லை. ராத்திரி கடலுக்குப் போகிற குளச்சல்காரன் இருக்கிறான், நடுச்சாமத்தில் பூப்பறிக்கப் போகிற தோவாளைப் பெண்கள் இருக்கிறார்கள். 1-0-1 என்பதில் இவர்களுடைய காலை எங்கே இருக்கிறது?

இன்னொன்று, சிஸ்டர்மாருக்கு. வீட்டில் ஊசி போடப் போகிறவர் யாரோ, அவரை உங்கள் முன்னால் ஒரு தடவை மருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வார்டில் என் எதிர்க் கட்டில்காரருக்கு மகன் கடையிலிருந்து 100 யூனிட் மருந்துக்கான ஊசி வாங்கி வந்தான், குப்பியில் இருந்ததோ 40 யூனிட் மருந்து. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி என்று யாரும் சொல்லவில்லை. அந்த மாற்றத்தில் மருந்து பாதிக்கும் குறைவாகத்தான் போகும். 100 மருந்தை 40 ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறும். சுகர் இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், மூன்று ஸ்பூன் சீனியைக் கலக்கிக் கொடு, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார், நினைவு இல்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதே என்பதை வீட்டுக்காரியிடமும் சொல்லுங்கள். என் வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வரிசைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எழுதித் தந்தால் வாசிப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வந்தபோது பேப்பரில் பார்த்தேன்: தமிழ்நாட்டில் 100 பேரில் 14 பேருக்குச் சுகர், கேரளத்தில் 25 பேருக்கு. நாம் இருப்பது தமிழ்நாட்டில், நம்முடைய தட்டு பாதிக்கு மேல் கேரளத்தின் தட்டு. என் மாதிரி ஆட்கள் உங்கள் வார்டுகளுக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இப்போது நான் இரவில் மட்டும் 8 யூனிட் போடுகிறேன், மெட்ஃபார்மின் ஒன்பதரை மணிக்குப் புட்டோடு. மூன்றரைக்கு எழும்பியதும் முதலில் விரலைக் குத்திப் பார்க்கிறேன், அடுத்து பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். சட்டைப் பையில் சீனிப் பொட்டலம், கத்திப் பையில் இரண்டு மட்டிப் பழம். அந்த நாலு மரங்களைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். இரண்டில் முடிச்சு விழுந்துவிட்டது.

அடுத்த மாதம் ஓ.பி.க்கு வருவேன். அந்த டிஸ்சார்ஜ் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். பின்பக்கம் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம் பக்கம்